மோதினார் எடுத்த இருபத்தேழு புள்ளிகள்

எங்கள் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் இப்போது வேலை செய்யும் நேர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். வயது போனவர்களுக்கு வரும் மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுகொள்வது எப்படி என்று நான் ஒரு மணித்தியாலம் பேச வேண்டுமாம். "உங்களுக்குத்தான் மிஸ், ஆளப் பார்த்த உடனே தெரியுமாமே" என்றாள் ஒருத்தி. அப்படி ஒரு பெயர் எனக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நான் ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. ஓய்வுபெற்றவர்களின் திறமை ஆஸ்பத்திரியில் தானாக வளரும். மறுத்துச் சொல்ல அந்த ஆள் அங்கே இருக்காதே. பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். உண்மையைச் சொல்லும்போது அவர்களுடைய முகங்களைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

தாதியர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம் மட்டக்களப்பில் படித்தேன். மறதி நோய் பற்றிய பாடம் ஒரே ஒரு நாள்தான் நடந்தது. அன்று விடுதியில் பகல் சாப்பாடு நெய்ச்சோறு. பாடம் பின்னேரம். அதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிரசவ வாட்டிலும் சத்திரசிகிச்சை வாட்டிலும் ஓடினேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம். எந்தக் கட்டிலில் யார், எந்த ஊர், யாருடைய மகள், போன பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்ட உடனே சொல்வேன். "ஜெஸீமா மிஸ் இரிக்கக்குள்ள ரெஜிஸ்டர் என்னத்துக்கு" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, மற்றவர்கள் மறப்பது சோம்பலால்தான் என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

கடைசியில் முழங்கால் மறுத்தது. ஓடாத இடம் ஒன்று கேட்டேன். மனநலக் கிளினிக்கில் போட்டார்கள். அங்கே புதன்கிழமைகளில் வயது போனவர்களைப் பார்ப்பார் டொக்டர் ருஸ்னா. பாலமுனைக்காரி. என் மூத்த மகளைவிட ஒரு வயது இளையவர். முதல் வாரம் நோயாளிகளுக்கு முன்னாலேயே அவரை "மகள்" என்று கூப்பிட்டுவிட்டேன். அவரோ "ஓம், சொல்லுங்க" என்று திரும்பினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவருடைய முறை எனக்குப் புதிது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கமாட்டார். கதிரையை இழுத்து நோயாளியின் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். "கொஞ்சம் கேள்வி கேக்கப் போறன். சிலது லேசு, சிலது கஷ்டம். கேக்கலாமா?" என்று அனுமதி வாங்குவார். கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வார். பதில் வரும்வரை, அல்லது "தெரியா" என்று நோயாளியே சொல்லும்வரை, ஒரு சொல் பேசமாட்டார். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். நான் பிரசவ வாட்டில் பழகியவள். அங்கே அறை அமைதியாக இருந்தால் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு நாக்கு துடிக்கும்.

கேள்விகள் பார்வைக்குச் சாதாரணமானவை. இன்று என்ன கிழமை, என்ன மாதம், இது எந்த இடம். மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வது. பிறகு வட்டம் ஒன்று கீறி மணிக்கூடு வரையச் சொல்வது, முள்ளைப் பதினொன்று பத்தில் வைக்கச் சொல்வது. அது முடிந்ததும் அந்த மூன்று சொற்களும் என்ன என்று மறுபடி கேட்பது. எல்லாம் சேர்த்து முப்பது புள்ளி.

பென்சில் பிடிக்காத கைகளுக்கு மணிக்கூடு கொடுப்பது அநியாயம் என்பார் டொக்டர். வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு உம்மா வந்தார். வயல் வேலையிலேயே காலம் போனவர். "நெய்ச்சோறு எப்பிடி ஆக்குற எண்டு சொல்லித் தாங்க உம்மா" என்றார் டொக்டர். உம்மா உற்சாகமாகத் தொடங்கினார். நெய்யைச் சூடாக்குவதாம், ஏலக்காய் போடுவதாம், பிறகு வெங்காயம், பிறகு ரம்பை இலை. வெங்காயத்துக்கு முந்தி ரம்பை போட்டால்தான் மணம் வரும் என்று நான் குறுக்கிட்டேன். இல்லை என்றார் அவர். எங்கள் சாய்ந்தமருதில் அப்படித்தான் என்றேன். வாதம் சூடுபிடித்தது. தண்ணீர் ஊற்றி மூடி இறக்கிவிட்டதாக உம்மா முடித்தார். அவர் போன பிறகு டொக்டர் கேட்டார்: "மிஸ், அரிசி எப்ப போட்டவங்க?"

போடவே இல்லை. நான் ரம்பைக்காக நின்றுகொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவளிடம்தான் சுலைஹா ராத்தா வந்தார். எங்கள் குறிச்சிப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் இஸ்மாலெவ்வையின் மனைவி. மோதினாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. ஐந்து நேரமும் அவருடைய பாங்கைக் கேட்டுத்தான் எங்கள் தெருவே எழும்பும், அடுப்பு மூட்டும், கடை சாத்தும். மெதுவாகத் தொடங்கி, கடைசி வரியில் குரலை ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார். நல்ல மனிதர். பகிடிக்காரர், சிரிக்கவைக்காமல் விடமாட்டார்.

ஒரு விடியற்பொழுது நான் வேலைக்குப் போக வாசலில் நிற்கும்போது ராத்தா வந்து படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், எங்கட ஊட்டுக்காரர் ஒரு மாதிரி இரிக்காரு."

"என்ன மாதிரி ராத்தா?"

"பகல் லுஹர் தொழுதிட்டு வாறாரு. சோறு திண்டு முடிய, லுஹருக்கு நேரமாகிட்டு எண்டு மறுகா கை கால் கழுவி ஒழுச் செய்றாரு. பள்ளிக் கதவுத் திறப்ப நான் ஒளிச்சி வெச்சன் எண்டு ஏசுறாரு. நாப்பது வருஷத்துல என்னய ஏசின மனுசன் இல்ல."

நான் சிரித்தேன். "வயசு போனா அப்பிடித்தான் ராத்தா. நானும் கண்ணாடியத் தலையில வெச்சிக்கிட்டு ஊடெல்லாம் தேடுற."

திறப்பை எங்கே வைத்தேன் என்று தேடுவது என்னைப் போன்றவர்கள் செய்வது. தேடிக் கிடைக்காதபோது, பக்கத்தில் இருக்கும் மனிதர் எடுத்துவிட்டார் என்று நம்புவது வேறு. தொழுததை மறப்பது வேறு. ஒருபோதும் ஏசாதவர் ஏசத் தொடங்குவதும் அப்படித்தான். இந்த மூன்றையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நான் என் கண்ணாடியைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ராத்தா அவரைக் கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு வந்தார். அன்று டொக்டர் வாட்டில் அவசர நோயாளி ஒருவரோடு மாட்டிக்கொண்டார். காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். மோதினாரைப் போய் வெளி வாங்குப் பலகையில் இருத்துவதா என்று, சோதனையை நானே செய்துவிடுவதாக டொக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். ராத்தாவை வெளியே இருக்கச் சொன்னேன்.

"இண்டைக்கி என்ன கிழமை மோதினார்?"

"மிஸ்ஸுக்குத் தெரியாதா? சம்பளம் மட்டும் எடுக்கிறீங்க போல" என்றார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். "புதன்தானே" என்றேன். "புதன்தான்" என்றார். சரி போட்டேன்.

வாழைப்பழம், கதவு, தொப்பி. இவைதான் மூன்று சொற்கள். கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது அவர் தாடியைத் தடவினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இவ்வளவு மரியாதையான மனிதரை இப்படி இருத்தி வைத்துக் கேட்கிறோமே. "ஒரு பழம்..." என்றேன். "வாழைப்பழம்" என்றார். நான் வாசலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "கதவு." பிறகு அவருடைய தலையைப் பார்த்தேன். கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்து, "தொப்பி" என்றார். மூன்றுக்கும் சரி போட்டேன். மணிக்கூட்டில் இலக்கமெல்லாம் ஒரு பக்கமாக நெருங்கி நின்றது. தாள் சின்னது என்று வேறு தாள் கொடுத்து, "பன்னிரண்ட மேல போடுங்க, ஆறக் கீழ போடுங்க" என்று உதவி செய்தேன்.

மொத்தம் இருபத்தேழு. எனக்குப் பெருமையாக இருந்தது.

ராத்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எல்லாம் நல்லா இரிக்கி. நீங்கதான் சும்மா யோசிக்கிறீங்க."

"இல்ல மிஸ், நான் போன் எடுத்துப் போன் எடுத்து ஞாபகப்படுத்தித்தான்..."

"அதுதான் பிழை ராத்தா. சின்னப் புள்ளையப் போல நடத்தினா ஆம்பிளைக்கு ஆத்திரம் வரும்தானே. சும்மா சும்மா போன் எடுக்காம விடுங்க." அதோடும் நிறுத்தவில்லை. "உங்களுக்கு நித்திரை குறைவா? வேணுமெண்டா உங்களையும் டொக்டர்ட காட்டுவம்" என்றேன்.

ராத்தா கிளினிக் கொப்பியை மடித்து பேர்ஸுக்குள் வைத்தார். "அப்ப எனக்குத்தான் பிழை" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். போய்விட்டார்.

மூன்று வாரத்தில் நோன்பு வந்தது. மூன்றாம் நோன்பு அன்று பின்னேரம் வானம் மூடிக் கிடந்தது. நானும் மகளும் கஞ்சிக் கோப்பைகளுக்கு முன்னால் இருந்தோம். எங்கள் பள்ளியின் பாங்கு கேட்டது. நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன்.

"உம்மா, போன்ல இன்னும் பத்து நிமிசம் காட்டுது" என்றாள் மகள்.

"மோதினாருக்குத் தெரியாதது உன்ட போனுக்குத் தெரியுமா?" என்று சொல்லிக் கஞ்சியையும் குடித்தேன்.

இரண்டாவது கோப்பை ஊற்றும்போது பக்கத்துக் குறிச்சிப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். பிறகு அடுத்த பள்ளியில். பிறகு தூரத்தில் ஒன்று. நான் அகப்பையைப் பிடித்தபடி இருந்தேன். மகள் தன் பழத்தை அப்போதுதான் கடித்தாள்.

எங்கள் தெரு முழுவதும் நேரத்துக்கு முன்னால் நோன்பைத் திறந்திருந்தது. பள்ளி வாசலில் சனம் கூடிவிட்டதாகவும், மோதினாரிடம் இளைஞர்கள் சிலர் குரலை உயர்த்திக் கேட்டதாகவும் மகன் வந்து சொன்னான். யாரோ அதைப் பகிடியாக எழுதி போனில் பரப்பியிருந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். "மணிக்கூட்டையே பார்த்துக்கிட்டு நிண்டாரு" என்றான்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. இலக்கங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற முதல் தாள். அதை நான்தான் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

அடுத்த நாள் கிளினிக் திறக்கும் முன்பே டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் மோதினாரின் கதிரையில் போய் இருந்தார்.

"நான்தான் மோதினார். அண்டைக்கிக் கேட்ட மாதிரியே கேளுங்க மிஸ்."

கேட்டேன். மூன்று சொற்களுக்கு வந்தபோது டொக்டர் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் சத்தியமாக உதவக் கூடாது என்றுதான் இருந்தேன். என் கண் தானாக வாசலுக்குப் போய்விட்டது. டொக்டர் திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு தாளை எடுத்தார்.

"இருபத்தேழு நல்ல புள்ளிதான் மிஸ்" என்றார். "ஆனா இது உங்கட புள்ளி."

அதிலும் மூன்று எங்கே போனது என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்று பகலே ராத்தாவுக்குச் சொல்லி அனுப்பி இருவரையும் வரச் செய்தோம். டொக்டர் சுவரிலிருந்த கலண்டரையும் மணிக்கூட்டையும் கழற்றச் சொன்னார். என்னை மோதினாருக்குப் பின்னால், அவர் பார்க்க முடியாத இடத்தில் இருத்தினார். நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். முகத்தை வைக்கத்தான் இடம் தெரியவில்லை.

கிழமை கேட்டார். மோதினார் ஒரு பகிடி விட்டார். டொக்டர் புன்னகைத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டாவது பகிடி வரவில்லை. மணிக்கூடு வரைந்தார். வரைந்து முடித்துவிட்டு, அது சரியில்லை என்று அவருக்கே தெரிந்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டார். சொற்களைக் கேட்டபோது ஃபேன் எத்தனை சுற்றுச் சுற்றியதோ தெரியாது. நான் பின்னால் இருந்து அவருடைய தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள" என்றார் கடைசியில். "நீங்க தந்த மூணும் எனக்கிட்ட இரிக்கி. எங்க வெச்ச எண்டுதான் தெரியா."

பதினாறு புள்ளி.

பிறகு டொக்டர் அவரிடம் அனுமதி கேட்டு, ராத்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். எல்லா வீட்டாரிடமும் கேட்கும் ஒரு கேள்வி அவரிடம் உண்டு. பிள்ளைகளே, என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது இதுதான், அதுவும் என்னுடையது அல்ல. என்ன மறக்கிறார் என்று அவர் கேட்கமாட்டார்.

"போன வருஷம் அவர் தானாச் செஞ்சி, இப்ப நீங்க செஞ்சி குடுக்கிற வேல என்ன?"

ராத்தா உடனே பதில் சொன்னார். யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தது போல இருந்தது.

"பாங்கு, டொக்டர். ஒரு வருஷமா அஞ்சு நேரமும் நான்தான். ஊட்டுல இரிந்து நேரத்தப் பார்த்து அவருக்குப் போன் அடிப்பன். சட்டப் பையில போன் அடிச்சா எழும்பிப் போய்ச் சொல்லுவாரு. சுபஹுக்குத் தட்டி எழுப்பி விடுவன். ஒரு நாளும் பிழைக்கல்ல." என் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். "மிஸ் சும்மா சும்மா போன் எடுக்க வேணாம் எண்டாங்க. நோன்பு தொடங்கினதோட நான் நிப்பாட்டின. ரெண்டு நாளும் மௌலவி பக்கத்துல நிண்டாரு. மூணாம் நாள் அவர் ஊருல இல்ல."

அந்தப் பாங்கை முந்திச் சொல்ல வைத்தது யார் என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. நான் முப்பது வருடத்துக்கு மேல் பேசிப் பழகியவள். அன்று எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை, எடுத்துக் கொடுக்கவும் யாரும் இல்லை.

இரத்தப் பரிசோதனைகள் செய்தோம். சில நேரம் விட்டமின் குறைவாலும் தைரொய்டாலும் இப்படி வரலாம், அதைச் சரிசெய்தால் ஆள் தெளிந்துவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அப்படி ஏதாவது இருந்துவிட வேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டிருப்பேன் அல்லாஹ்விடம். ஒன்றும் இல்லை. மறதி நோய்தான், ஆரம்பக் கட்டம்.

வெள்ளிக்கிழமைக்கு முன் நிர்வாகத்திடம் பேச வேண்டியிருந்தது. நோயாளியின் விசயத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல முடியாது. டொக்டர் மோதினாரிடமே கேட்டார். "சொல்லுங்க. நோன்ப விளையாட்டா எடுத்தன் எண்டு நினைக்கிறத விட, நோய் வருத்தம் எண்டு நினைக்கட்டும்" என்றார் மோதினார்.

டொக்டர் கடிதம் எழுதினார். அதைக் கொண்டுபோனது நான். பள்ளித் தலைவரின் வீட்டு விறாந்தையில் நாலு பேர் இருந்தார்கள். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலைவர் கேட்டார்.

"அப்ப இது முந்தியே உங்களுக்குத் தெரியாதா மிஸ்? நீங்கதானே அந்தக் கிளினிக்குல இரிக்கிற?"

"தெரிஞ்சிரிக்கணும். அவர்ட பொண்டாட்டி வந்து சொன்னவங்க. நான் நம்பல்ல. சோதினையும் நான்தான் பிழையாச் செஞ்ச. ஏசுற எண்டா என்னய ஏசுங்க."

"இத்தன பேர்ட நோன்பு?"

"என்ட நோன்பும்தான். ரெண்டாவது கோப்பைக் கஞ்சியும் ஊத்தினன். எல்லாரோடயும் நானும் பிறகு ஒரு நாள் நோன்பு பிடிச்சிக் கழாச் செய்யணும்."

ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி நடந்தது. மோதினாரை நிறுத்தவில்லை. நேரம் பார்ப்பது மௌலவியின் பொறுப்பு, மோதினாரின் தோளில் அவர் கை வைத்தால் மோதினார் பாங்கு சொல்வார் என்று ஏற்பாடாயிற்று. பாங்கின் ஒரு சொல்லும் அவருக்குப் பிசகவில்லை. ஒன்றரை வருடம் அப்படிச் சொன்னார். பிறகு வரிகள் மாறத் தொடங்கியபோது அவரே ஒரு நாள் மைக்கை மௌலவியின் கையில் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் இருந்தார். இப்போதும் இருக்கிறார். பள்ளிக்கு யாராவது கூட்டிப் போக வேண்டும்.

ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. சொல்ல வேண்டியதை வீட்டில் பாடமாக்கிக்கொண்டு போனேன். அவர் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்லும்போதே கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"அது கிடக்கட்டும் மிஸ். உங்களுக்கு வியாழன் லீவுதானே? பின்னேரம் அஸருக்கு முந்தி ரெண்டு மணித்தியாலம் வந்து இவரோட இரிங்க. நான் ஒரு இடத்துக்குப் போகணும்."

அவருடைய மகளிடம் விடலாமே என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்குத் தேறியிருந்தேன்.

வியாழக்கிழமை போனேன். மோதினார் என்னை வரவேற்று, எப்போது வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைச் சரிசெய்துவிட்டு, எப்போது வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். ஏழாவது முறை எனக்குக் காது சூடாகியது. பத்தாவது முறைக்குப் பிறகு ராத்தாவின் ஒரு நாளை மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வேலை நேரம் எட்டு மணித்தியாலம். அதற்குப் பிறகு சீருடையைக் கழற்றிவிடுவேன்.

சொன்ன நேரத்துக்கே ராத்தா திரும்பி வந்தார். கையில் பை இல்லை, பொதி இல்லை. முகம் மட்டும் கொஞ்சம் காற்றுப் பட்டது போல இருந்தது.

"எங்க ராத்தா போன?"

"அக்கரப்பத்து பஸ்ஸுல ஏறிப் பாலமுனை மட்டும் போன. மறுகா அங்கால வந்த பஸ்ஸுல வந்திட்டன்."

"பாலமுனையில ஆரு இரிக்கிற?"

"ஒருத்தரும் இல்ல. இறங்கி ரோட்டத் தாண்டி நிண்டதுதான். ஆரையும் பார்க்கப் போனா, அங்கயும் ஏதாச்சும் கேப்பாங்க மிஸ்."

நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வியாழனும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.